கடைசி அத்தியாயத்துக்குப் போட்ட தையல்

மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பொன்செல்வி வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே மைக்கைத் தட்டி யாரோ "ஹலோ, ஹலோ" என்கிறார். வரவேற்புரை தொடங்கப்போகிறது. அதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"அந்தா பாருங்க, தெருவப் பாத்துத் திருப்பிக் கழத்திப் போட்டுருக்கு. அந்த ஆளு மத்தியானச் சோத்தோட கெளம்பிருவான். இது புதுச் செருப்பு, வாரு இன்னும் காலக் கடிக்குது. மேடையில பேச வந்தவருதான்."

"ஏட்டி, உள்ள வா. செருப்பு திருட வந்தவன்னு நெனைக்கப் போறாவ" என்று கணவர் மணிராஜ் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறார். மணிராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். இவளோடு கூட்டத்துக்குப் போகப் பயப்படுகிற அளவுக்கு மின்கம்பத்தில் ஏறும்போதுகூடப் பயந்ததில்லை என்பார்.

பொன்செல்வி மர்மக் கதை எழுதுகிறவர். ஸ்ரீவைகுண்டத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாழைத்தோப்பில் ஒருவன், அணைக்கட்டில் ஒருவன், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கொட்டகையில் ஒருத்தி என்று அவர் கதைகளில் தாமிரபரணிக் கரை நெடுக ஆட்கள் செத்துக் கிடப்பார்கள். நேரில் பார்த்தால் எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிறவர். கடைக்கு வரும் வழக்குக் காகிதங்களிலிருந்துதானே கதை எடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் முகம் சிவந்துவிடும். "பேப்பர நான் படிக்கவே மாட்டேன். அது பாவம்லா. அதக் கொண்டுட்டு வார கைய மட்டும் பாப்பேன்" என்பார்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கே இலக்கியக் கூட்டம் நடந்தாலும், பத்திரிகையில் அறிவிப்பு கண்ணில் பட்டால் போதும், கடையைச் சாத்திவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலி அவருடையது. எல்லார் முதுகும் அங்கிருந்துதான் தெரியும். யார் சட்டைக் காலர் நைந்திருக்கிறது, யார் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு உரைகளைவிட முக்கியம். சாப்பாட்டு நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் அரசு மருத்துவர் என்று தெரிந்ததும், தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, "சார், நம்ம அணைக்கட்டுத் தண்ணியில ஒரு ஆள் விழுந்தா மெதக்கதுக்கு எத்தன நாளாவும்?" என்று கேட்டார். மருத்துவர் பதில் சொன்னார். எதிரே இருந்த இரண்டு கவிஞர்கள் இலையை எடுத்துக்கொண்டு வேறு பந்திக்குப் போய்விட்டார்கள்.

மாநாடு நடத்துகிறவர்கள் மர்ம எழுத்தாளரைக் காலையில் பேச விடுவதில்லை. கவிதை, நாவல், ஆய்வு எல்லாம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, கூட்டம் கண்ணயரும் வேளையில்தான் கூப்பிடுவார்கள். தூக்கத்தைக் கலைக்கிற வேலையை ஒப்படைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு பொன்செல்வியும் போய்ப் பேசிவிட்டு வருவார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. அவருடைய வருத்தம் வேறு.

நம் ஊரில் நூல் வெளியீடு என்றால் மதிப்புரை என்று ஒன்று உண்டு. மதிப்புரை என்றால் முழுக் கதையையும் சொல்லிவிடுவது. நாயகி யாரை மணந்தாள், கிழவர் எப்போது செத்தார், கடைசி வரி என்ன என்பது வரை ஒன்று விடாமல் சொன்னால்தான் புத்தகத்தை முழுதாகப் படித்திருக்கிறார் என்று சபை நம்பும். மற்றவர்கள் கதைக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. மர்மக் கதையில் கொலை செய்தவன் பெயரை மைக்கில் சொல்லிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அட்டைதான் இருக்கிறது.

அப்படிப் பொன்செல்வியின் எட்டுக் கொலையாளிகளையும் மேடையில் பிடித்துக் கொடுத்தவர் ஒரே ஆள்தான்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஆவுடைநாயகம். பாளையங்கோட்டையில் அவர் பேசுகிறார் என்றால் டீ கொண்டு வருகிறவர்கூடத் தட்டோடு நின்றுவிடுவார். அப்படி ஒரு குரல். கதையை அவர் சொல்லிக் கேட்டவர்கள் புத்தகத்தைப் படித்த திருப்தியோடு, விற்பனை மேசையைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்கள்.

பொன்செல்வி கெஞ்சிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது நாவலின்போது, "சார், கொலை செஞ்சது யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். பேராசிரியர் மேடையேறி, "கொலை செய்தவர் அந்தக் கணக்குப்பிள்ளை என்பதைச் சொல்லக்கூடாது என்று அம்மையார் அன்போடு கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றுதான் பேச்சையே தொடங்கினார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நல்லது எதைப் படித்தாலும் அடுத்தவரிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆறாவது நாவலில் கடைசி அத்தியாயம் இல்லாத பிரதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அச்சகத்துக்கே போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார்.

"வேற ஆளப் போட்டுருவமாக்கா?" என்று பதிப்பாளர் கிருபைராஜ் இந்தத் தடவை கேட்டார்.

"அவரு இல்லாம என் புத்தகம் மேடையேறாண்டாம் தம்பி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் பொன்செல்வி. கொலைக் கதையெல்லாம் இலக்கியமா என்று ஊரே முகம் சுளித்த காலத்தில் அவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தவர் ஆவுடைநாயகம் ஒருவர்தான். அதை எப்படி மறப்பது?

"உங்க இஷ்டம்க்கா. ஆனா இதுவும் கட்டுக் கட்டாத் திரும்பி வந்துச்சுன்னா, அடுத்தத அடிக்கதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல" என்றார் கிருபைராஜ். அவர் மிரட்டவில்லை. உண்மையைச் சொன்னார்.

புதிய நாவலின் பெயர் 'வடகாலில் ஒரு செருப்பு'. வடகால் என்கிற வாய்க்காலின் மதகில் ஒற்றைச் செருப்போடு ஒருவன் செத்துக் கிடப்பதில் தொடங்குகிறது. கொலையாளி யார் என்று தெரிந்ததும் படிக்கிறவன் முதல் அத்தியாயத்துக்கு ஓடிப்போய்த் திரும்பப் படிக்க வேண்டும், அப்படி எழுதியிருந்தார். மூன்று வருடம் அந்த ஒரு ஆளை மறைத்துவைக்கத்தான் பாடுபட்டார். அது மேடையில் போட்டு உடைக்கப்படும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

கடையில் ஒரு மதிய நேரம் ஆள் இல்லாதபோது மதிப்புரைப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு ஊசியில் கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்தார். கடைசி அத்தியாயத்துத் தாள்களைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தோடு நேராகத் தைத்து, முடிச்சை உள்ளே தள்ளி மறைத்தார். புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் வீட்டில் கொடுத்தார்.

ஆவுடைநாயகம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகாரத் தட்டைக் காட்டிவிட்டு மறைத்த மாதிரி ஆகிவிட்டது அவர் முகம். "அப்போ நான் என்னத்தம்மா பேச?"

"அதுவரைக்கும் உள்ளதப் பேசுங்க சார். கூட்டம் முடிஞ்ச பொறவு என் கையாலயே பிரிச்சுத் தாரேன்."

திரும்பி வரும்போது பேருந்தில் பொன்செல்வி மணிராஜிடம் சொன்னார்: "சாரோட வீட்டம்மா மக வீட்டுக்குப் போயிருக்காவ போலிருக்கு. வெள்ளைச் சட்டையில ரெண்டாவது பட்டன நீல நூல வச்சு அவரே தச்சுருக்காரு. குறுக்கும் நெடுக்குமா, முடிச்சு வெளிய துருத்திக்கிட்டு நிக்கி."

"அவரு பட்டன விடு. வாய மூடுவாரா, அதச் சொல்லு" என்றார் மணிராஜ்.

இடையில் பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஒரே ஒரு சந்தேகம்மா. கதையில செத்தவனோட மச்சினனுக்குக் காலு பெருசா, சிறுசா?" பொன்செல்வி கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிடுவார். பிறகு அந்த அழைப்புகளும் நின்றுவிட்டன.

அப்படி வந்த நாள்தான், பொன்செல்வி வாசலில் நின்று செருப்பு பார்த்த இந்த நாள். மர்மக் கதைக்கென்றே ஒரு வாசகர் மன்றம் பாளையங்கோட்டையில் கூட்டிய மாநாடு; நாவல் வெளியீடும் அதில்தான். மண்டபத்தின் ஓரத்தில் விற்பனை மேசை போட்டுக் கிருபைராஜ் உட்கார்ந்திருந்தார், புத்தகக் கட்டைப் பிரிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு. பொன்செல்வியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் எழுந்தார்.

எழுந்தவர் சொன்னார், என்னமாய்ச் சொன்னார்! வடகாலில் தண்ணீர் திறக்கும் விடியற்காலையை, மதகில் சிக்கிய செருப்பை, இறந்தவனின் மனைவி அழாமல் நின்றதை, மைத்துனன் மட்டும் விழுந்து புரண்டு அழுததை. மத்தியானம் போக வேண்டியவர்களும் போகவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் நிறுத்தினார். புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

"இதற்குமேல் எனக்குத் தெரியாது. அம்மையார் தைத்துவிட்டார்."

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"ஆனால் இத்தனை ஆண்டு கதை படித்தவன் நான். என் கணிப்பைச் சொல்கிறேன். கொன்றவன் மைத்துனன்! சந்தேகமே இல்லை. தவறாக இருந்தால் அடுத்த மாநாட்டில் எனக்குச் சிறப்புரை வேண்டாம், நன்றியுரை போதும்" என்று மேசையைத் தட்டினார்.

அவ்வளவுதான். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "மச்சினன் இல்ல சார், அவன் அழுதது நெசமான அழுகை" என்றார். "அப்ப மதகுக்காரனா?" என்றது ஒரு குரல். புத்தகத்தைப் படிக்காதவர்கள் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு மண்டபத்தையே கோர்ட்டாக்கிவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் நேரே மேசைக்குத்தான் வந்தார்கள். கிருபைராஜ் முதல் கட்டைப் பிரித்தார், அடுத்ததையும் பிரித்தார். மணிராஜுக்குப் பதில் தெரியும் என்று கண்டுபிடித்து அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு, அவர் வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

பொன்செல்விக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கூடவே ஒரு சின்ன உறுத்தல். மைத்துனனை அவர் வைத்ததே ஏமாறுகிறவர்கள் ஏமாறத்தான். சார் போய் இதிலா விழுந்தார்? ஒவ்வொரு வரியையும் தடவித் தடவிப் படிக்கிறவராயிற்றே. நாளைக்குப் புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று இருந்தது.

பொன்செல்வி கையெழுத்துப் போடுவது எப்போதும் கடைசிப் பக்கத்தில், கடைசி வரிக்குக் கீழேதான். "கடைசி வரைக்கும் வந்தவங்களுக்குத்தான் கையெழுத்து" என்பார். வரிசை கரைந்த பிறகு ஆவுடைநாயகம் தன் பிரதியோடு வந்து நின்றார்.

"சொன்ன வாக்கக் காப்பாத்திட்டேன்லா? வெட்டித் தாம்மா. வீட்டுக்குப் போயி மொத வேலையா யாருன்னு பாக்கணும்."

பொன்செல்வி பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். புத்தகத்தைத் திருப்பினார். அவர் போட்ட கறுப்பு நூல் இல்லை. நீல நூல். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டன் தைக்கிற தையல். முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியர் மேலே சுற்றும் மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கட்டைவிரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள்.

"என்னம்மா, வெட்டலையா?"

பொன்செல்வி கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். தையலில் கை படாமல் புத்தகத்தைத் திருப்பி, முதல் பக்கத்தைத் திறந்து, அங்கே கையெழுத்துப் போட்டார்.