அழித்துக் கொடுத்த நாட்கள்

கம்ப்யூட்டர் தப்பு செய்யும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். எங்கள் மில்லுக்கு வந்த கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. அது அச்சடித்துக் கொடுத்த ஒவ்வொரு தாளையும் ரிஜிஸ்டரின் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரி வரியாக இறக்கி, கடைசியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஓர் இடத்திலும் பிசகு இல்லை. அதனால்தான் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை.

புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார் என்று எழுத வேண்டும். வீட்டில் டைரியும் எழுதுகிறேன். எழுந்த நேரம், மழை பெய்ததா, சைக்கிளுக்குக் காற்று அடித்த நாள் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி கேலி செய்வாள்: “தும்முனதக்கூட எழுதிடுங்க, பின்னாடி ஆவும்.” ஒழுங்காக எழுதி வைத்தால் எதுவும் தொலையாது என்றுதான் நான் அன்று நம்பினேன்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட் எண், ரிஜிஸ்டரில் ஒரு வரி. அவர் வராத நாளில் தறி சும்மா நிற்கக்கூடாது என்பதால், கேட்டுக்கு வெளியே காத்திருப்பவர்களில் ஒருவனைப் பதிலியாக உள்ளே அனுப்புவோம். டிக்கெட்காரரின் வரியிலேயே அவர் வந்ததாக மையில் ‘P’ போட்டு, அதன் கீழே பொடியாகப் பென்சிலில் பதிலியின் எண்ணை எழுதுவேன். டிக்கெட்காரர் அரைமணி தாமதமாக வந்து நின்றால் பதிலியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அப்போது அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆரம்பித்தது. கூலியும் டிக்கெட்காரர் பெயரில்தான் வரும், அவர் வாங்கிப் பதிலியிடம் கொடுப்பார். ஆக, பதிலி அன்றைக்கு மில்லுக்கு வந்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பென்சில் எண்தான்.

அந்த எண்களைக் கூட்டி, வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் சேர்ந்திருந்தால் பதிலியை நிரந்தரமாக்க வேண்டும் என்று பேச்சு. எப்போது கூட்டுவது என்பதை நிர்வாகம் தள்ளிக்கொண்டே போனது. யாரும் கவலைப்படவில்லை. ரிஜிஸ்டர்தான் இருக்கிறதே.

முப்பத்தொன்றாம் எண் என் மைத்துனனுடையது. என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில் பதிலியாகச் சேர்ந்தான். அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி சைக்கிளில் வந்து ஆறரை மணிக்கெல்லாம் கேட்டில் நிற்பான். என்னைப் பார்த்ததும் பதிலிகள் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்று கூப்பாடு போடுவார்கள்.

“முசியே, இன்னிக்கி நம்ம பக்கம் கொஞ்சம் திரும்புங்க.”

“அவுரு எங்கடா திரும்புவாரு, அவுரு மச்சான் நிக்கிறான் பாரு, சீமத்தொர!”

“யாரு, நானா? மாமா என்னைக் கூப்புடுறதுக்குள்ள மதியச் சங்கு ஊதிடும்டா” என்பான் மைத்துனன். அது உண்மை. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக்கூடாது என்று நான் அவனைக் கடைசியாகத்தான் கூப்பிடுவேன். சில நாள் அவன் முறை வரும் முன்பே இடம் நிரம்பிவிடும். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்புவான். அவன் சேர்த்த நாட்கள் மற்றவர்களுடையதைவிடக் கஷ்டப்பட்டுச் சேர்த்தவை. அதை நான் அறிவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கேட்டான். “லாஸ்பேட்டைல ஒரு காலேஜில அட்டெண்டர் வேல சொல்றாங்க மாமா. போயிடட்டுமா?”

நான் சொன்னேன்: “எட்டு வருஷம் நின்னுட்டு இப்ப போறியா? உன் நாள் பூரா எங்கிட்ட பத்திரமா இருக்குது. கொஞ்சம் பொறு.”

அவன் பொறுத்தான். அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள்.

அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்தது. அந்த வார்த்தையே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஒரு அறைக்கு ஏ.சி. வைத்தார்கள், தரைக்குக் கம்பளம் போட்டார்கள், வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி ஆகாதாம். காரணம் சரிதான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் இடத்தில் நம் ஜனங்கள் கேள்வி கேட்பதில்லை, கையைக் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் மேனேஜர், ஒரு நூல் அறுந்தாலும் கத்துகிறவர், அந்த அறைக்குள் மெல்லிய குரலில் பேசினார்.

கம்பெனியிலிருந்து வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். மரியாதையானவர், கெட்டிக்காரர். என் ரிஜிஸ்டர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், பன்னெண்டு கம்பெனிக்கு வேலை பார்த்திருக்கேன். இவ்ளோ சுத்தமான ரிஜிஸ்டர் எங்கயும் பார்க்கல.”

அன்றைய டைரியில் அதை எழுதியிருக்கிறேன். வார்த்தை மாறாமல்.

பிறகு பென்சில் எண்ணைத் தொட்டுக் காட்டினார். “இது மட்டும்தான் பிரச்சினை. சென்னைல இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர்ல பஞ்ச் பண்ற பொண்ணுங்க குழம்பிடுவாங்க. இதை அழிச்சுக் குடுத்துடுங்களேன்.”

“அது பதிலிங்க கணக்கு தம்பி. அவுங்க எதிர்காலமே அதுதான்.”

“தெரியும் சார். ரெண்டாவது கட்டத்துல அதுக்குத் தனி ஃபாரம் வருது. முதல்ல இது முடியட்டும்.”

அவர் என்னிடம் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லும்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

முதலில் ஒரு நோட்டில் நகல் எடுக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்துப் பக்கங்களுக்கு ஒரு முழுநாள் ஆயிற்று. இரண்டாம் நாள் மேனேஜர் எட்டிப் பார்த்து, “என்னய்யா, இன்னும் சென்னைக்கு அனுப்பலையா?” என்றார். இளைஞர் என் பக்கம் குனிந்து, “எதுக்கு சார் டபுள் வேலை? பென்சிலை அழிச்சாலும் அழுத்தின தடம் பேப்பர்ல இருக்கும். ஃபாரம் வந்ததும் அதைப் பார்த்தே எழுதிக்கலாம்” என்றார்.

அது பொதுவாகச் சரியான பேச்சு. என் விஷயத்தில் சரியில்லை. எனக்கு எழுதும்போது கை லேசு. பென்சில் தாளை அழுத்தாமல் எழுதுவது என் பெருமை. அதை அவர் அறியமாட்டார், எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தது ஒன்றுதான்: இவ்வளவு சுத்தமான ரிஜிஸ்டர் எங்கேயும் இல்லை. அதை இன்னும் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். நகல் நோட்டை மூடிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மூன்று வாரம் அழித்தேன். ஒன்பது வருஷத்து ரிஜிஸ்டர். புது ரப்பர் வாங்கி, மூலையை மட்டும் பயன்படுத்தி, பக்கத்து மை கலையாமல், ரப்பர்த் துகளைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளி. முப்பத்தொன்று வரும்போதெல்லாம் கவனித்தேன். மற்ற எண்ணைவிட அதைக் கூடுதல் சிரத்தையோடு அழித்தேன் என்றே நினைக்கிறேன். சொந்தக்காரன் எண்ணை மட்டும் விட்டுவைத்தான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே.

ஓரத்தில் ஓட்டை போட்ட அகலத் தாள்களில் எல்லாம் அச்சாகி வந்தது. டிக்கெட்காரர்கள் எல்லோரும் அவரவர் வரியில் தினமும் வந்திருந்தார்கள். நான் சரிபார்த்தேன், கையெழுத்திட்டேன்.

இரண்டாவது கட்டம் வரவில்லை. நானே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஒப்பந்தம் ஒரு கட்டத்துக்குத்தான், அந்த இளைஞர் விலகி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று தட்டச்சில் பதில் வந்தது. இந்தக் கம்பெனிகளைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் இதுதான். மில்லில் மேஸ்திரி ஒரு வாக்குக் கொடுத்தால் மறுநாள் காலை அதே கேட்டில் அவன் முகத்தைப் பிடித்துக் கேட்கலாம். சண்டை போடலாம், சட்டையைக்கூடப் பிடிக்கலாம். சாஃப்ட்வேர் கம்பெனியின் வாக்கு ஊருக்கு வருகிறது, கொடுத்தவர் வருவதில்லை. நம் வேலை அவர்களுக்குக் கட்டங்களாகத்தான் தெரிகிறது. கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று நூறு முறை கேட்டார்கள். கட்டத்துக்கு வெளியே எழுதியிருப்பது யாருடைய உயிர் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்தான் என்று என் மனசு சொல்கிறது.

பதிலிகளை நிரந்தரமாக்கும் பட்டியலைக் கடைசியில் எடுத்தார்கள், கம்ப்யூட்டர் தாளிலிருந்து. முப்பத்தொன்று என்ற எண் அதில் எங்கும் இல்லை. அவன் மட்டுமில்லை, ஒருவனும் இல்லை. சங்கத்துக்காரர்களே, முன்பு என் ரிஜிஸ்டரை நம்பாமல் மேஜையைத் தட்டியவர்கள், இப்போது அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல இல்லியேப்பா” என்று திருப்பிக் கொடுத்தார்கள். கையால் எழுதியதைச் சந்தேகப்படும் சமூகம், அச்சில் வந்ததைச் சாமி பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்கிறது.

ஒரே வழி இருந்தது. யாருக்குப் பதிலாகப் போனானோ அவர்கள் எழுதிக் கொடுக்கலாம். நெல்லித்தோப்பில் ஒரு டிக்கெட்காரர் இருந்தார். நெஞ்சுச் சளியில் ஐந்து மாதம் படுத்திருந்தபோது அவர் தறியை ஓட்டியவன் என் மைத்துனன். அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார்.

“எழுதிக் குடுக்கலாம்ண்ணே” என்றார். “ஆனா நான் அஞ்சு மாசம் வரலன்னு எழுதிக் குடுத்தா என் சர்வீஸ் என்னாவும்? மிஷின்ல நான் ஒருநாள்கூட லீவு போடாதவன்னு வந்திருக்குது. அதக் காட்டித்தான் மவன உள்ள சேக்கலாம்னு இருக்கேன்.” காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, “அவன் நல்ல பையன்ண்ணே” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் பார்த்த ஏழெட்டுப் பேரும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

வீட்டில் மைத்துனன் எனக்காகப் பரிந்து பேசினான். அதைத்தான் தாங்க முடியவில்லை. “அக்கா, மாமா என்னா பண்ணுவாரு? மிஷின்ல போயிடிச்சி” என்றான். என் மனைவி என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “அந்தக் காலேஜு வேலைக்கே போயிருப்பான்” என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க என் டைரியில் வானிலை மட்டும்தான் இருக்கிறது.

அதற்குப் பத்தாம் நாள் அவனோடு பாலம் வரை சைக்கிளில் போனேன். சாயந்திரம் ஐந்தரை. ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. அங்கே நிறுத்திச் சொன்னேன்.

“மிஷின்ல போகலப்பா. நான்தான் அழிச்சேன்.”

அவனுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். ரப்பரைப் பற்றிச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஒவ்வொண்ணாவா மாமா?”

“ஆமா.”

“உக்காந்து, கையால?”

நான் தலையசைத்தேன். அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். பிறகு, “கடைசியாத்தான் கூப்புடுவீங்க. அப்பகூட நான் ஒண்ணும் சொன்னதில்ல மாமா” என்றான். சைக்கிளில் ஏறிப் போனான். போகும்போது மணி அடிக்கவில்லை, எப்போதும் அடிப்பான்.

அதன்பின் அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கு அக்காவுக்குக் கரும்பு மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறான். இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறான் என்று கேள்வி.

சென்னையிலிருந்து திரும்பி வந்த ரிஜிஸ்டர்கள் டைம் ஆபீஸ் அலமாரியில் இருக்கின்றன. யாரும் கேட்பதில்லை. காலை எட்டே காலிலிருந்து எட்டரை வரை கிழக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக விழும். அந்தக் கால் மணி நேரம் ஒரு பக்கத்தைச் சரித்துப் பிடித்துப் பார்க்கிறேன். கை லேசான அன்று ஒன்றும் தெரியாது. என்றைக்காவது அவசரத்தில், எரிச்சலில் அழுத்தி எழுதியிருந்தால் ஒரு மூன்றின் வளைவு, ஒன்றின் கோடு தெரியும். அதை டைரியில் மையால் எழுதிக்கொள்கிறேன். சொந்த டைரியை யாரும் ஆவணமாக ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், மேனேஜரிடம் ஏற்கனவே கேட்டுவிட்டேன். நான்கு மாதத்தில் பதினாறு நாட்கள் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

நேற்று ஒரு தடம் தெரிந்தது. மூன்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்ததை வெயில் நகரும் வரை பார்த்தேன். ஒன்று இல்லை, ஏழு. முப்பத்தேழு, வேறொருவனின் நாள். அதையும் எழுதிக்கொண்டேன்.