ஓம் கம்மியா ஒண்ணு குடுங்க

எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்தவனுக்கு 'தெரியாது' என்று சொல்லும் உரிமை கிடையாது. கடை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓசூரில் கேமரா போன் எல்லோர் பையிலும் ஏறிய வருஷங்களில், கேள்விப்படாத சாமானெல்லாம் என் மேஜைக்கு வந்தது.

பேனா அல்ல

தொழிற்பேட்டையில் வார்ப்பட ஆலைக்காரர் செல்வராஜ், ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் தடித்த பேனா போல ஒன்றை நீட்டினார். எழுதவில்லையா என்றேன். புகை வரவில்லை என்றார்.

அது பேட்டரி சிகரெட். சீனாவுக்குப் போய்வந்த அவருடைய இன்ஜினியர் கொடுத்தது. உள்ளே முடி மாதிரி ஒரு காயில். அது சூடாகி, உள்ளே ஊற்றும் நிகோட்டின் மருந்தை ஆவியாக்கும்; அந்த ஆவிதான் புகை. காயில் அறுந்திருந்தது. கூடவே வந்த உபரிக் காயிலை மாட்டினேன். இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டதற்குச் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார்.

"பிள்ளைக்கு இளைப்பு அண்ணாச்சி. வீட்டுல புகையே ஆகாதுன்னுட்டாரு டாக்டர். இது ஓடுச்சுன்னா அது நிக்கும்லா."

வீட்டுக்காரர் யோசனை

அடுத்து, இரண்டு பேட்டரியை வரிசையாகப் போடும் பெரிய குழாய் சிகரெட்டோடு வந்தார். அதில் பழைய காயிலையே மாட்டியிருக்கிறார். ஒரே இழுப்பு, கருகிவிட்டது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அதே காயிலில் சூடு நாலு மடங்கு ஆகும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

யோசனை சொன்னவர் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முனியப்பா. கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம். லோ வோல்டேஜில் போர் மோட்டார் காயில் கருகிக் கருகி நொந்தவர். காயில் பிழைக்க வோல்டேஜை ஏற்று என்று சொல்லியிருக்கிறார். மோட்டார் வேறு, இது வேறு. வோல்டேஜ் ஏறினாலும் காயில் போகும் என்றேன். கூடவே வந்திருந்த அவர் நம்பவில்லை.

"எங்க ஊர்ல வோல்டேஜ் எப்பப்பா ஏறிச்சு? எறங்கித்தானே பார்த்திருக்கோம்!"

கம்மி

பெரிய குழாய்க்கு ஓம், அதாவது மின்தடை, அதிகமுள்ள காயில் வேண்டும், அப்போதுதான் கரண்ட் அடங்கி ஓடும் என்று பாடம் எடுத்தேன். செல்வராஜ் தலையாட்டினார். இன்ஜினியர் மறுபடி சீனா போனபோது சொல்லி அனுப்பி வாங்கியும் வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழையதைவிட ஓம் குறைவு. கோபம் வந்தது. ஏனய்யா இப்படி என்றேன்.

"டாக்டர் எல்லாத்தையும் கம்மி பண்ணச் சொன்னாருல்லா? அதான் ஓம் கம்மியா ஒண்ணு குடுங்கன்னு சொல்லி விட்டேன்."

ஜோடி

ஒருவழியாகச் சரியான காயில் வந்தது. இப்போது குழாய் கையைச் சுட்டது. திறந்தால் ஒரு பேட்டரி புதிது, ஒன்று பழையது. பழையது முதலில் காலியாகும், புதியது அதன் வழியாகவே கரண்டைத் தள்ளும், சூடேறி வெடிக்கலாம். இரண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சேர்ந்து வாங்கி, சேர்ந்து சார்ஜ் ஏற்றி, சேர்ந்தே தூக்கிப் போட வேண்டும் என்றேன். புதுஜோடி வரும்வரை குழாயும் என்னிடம் இருக்கட்டும் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. வெறும் குழாயோடு போனார்.

"கையில இருந்தா கழட்டியாவது பார்ப்பேன் அண்ணாச்சி."

சரி பண்ணாதீர்கள்

ஜோடி பேட்டரி வந்ததும் சொல்லி அனுப்பினேன். வந்தது அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. சிகரெட்டுக்கே திரும்பிவிட்டாரோ என்று உள்ளபடியே பயந்தேன். பேட்டரியை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

"அதைக் குடுத்துராதிய அண்ணாச்சி. சாயங்காலம் பூரா அந்தக் குழாயைக் கழட்டி மாட்டுததுக்கே அவுகளுக்குக் கை ஒழியல, சிகரெட்டைத் தொடவே இல்ல. பிள்ளை நிம்மதியாத் தூங்குது."

இத்தனை வருஷத் தொழிலில், ரிப்பேரை முடிக்காமல் விடும்படி கும்பிட்டுக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அந்த ஒரு வேலையைத்தான் நான் கச்சிதமாகச் செய்திருக்கிறேன்.