முதுகில் எழுதிய 'க'

நூலகவியல் டிப்ளோமாப் பரீட்சையில், நல்ல குறியீடு ஒன்றின் பண்புகளை எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. நான் ஐந்து எழுதினேன். சுருக்கமாக இருக்க வேண்டும். வாசிக்கவும் சொல்லவும் எளிதாக இருக்க வேண்டும். வரிசையைக் காட்ட வேண்டும். புதிய பாடங்களுக்கு இடம்விட வேண்டும். நினைவுக்கு உதவ வேண்டும். கடைசிக்கு உதாரணமும் கொடுத்தேன்: ஒரு சொல்லின் முதல் எழுத்தையே குறியாக வைத்தால் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த விடைக்கு முழுப் புள்ளி கிடைத்தது.

மன்னார்த் தீவில் ஒரு சிறிய பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எல்லாப் புத்தகங்களையும் தசமப் பகுப்பு முறைப்படி திருத்தி எண்ணிட்டுக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பொதுப் புத்தக இறாக்கைகள் மூன்று மாதத்தில் முடிந்தன. எஞ்சியது ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் இந்த மாவட்டத்தைப் பற்றியவை மட்டும் இருந்தன: திருவிழா மலர்கள், பாடசாலை மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் வரைபடங்கள், கையால் எழுதிய சில கொப்பிகள். எனக்கு முன் இருந்த நூலகர் இவற்றின் முதுகில் பகுப்பெண்ணுக்கு மேலே கறுத்த மையால் ஓர் எழுத்தும் போட்டிருந்தார். சிலவற்றில் 'உ'. பலவற்றில் 'க'. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கணினி அந்த எழுத்துகளை ஏற்கவில்லை. பகுப்பெண்ணுக்குரிய கட்டத்தில் இலக்கமும் புள்ளியும் மட்டுமே போகும். ஆகவே எழுத்துகளின் பொருளைக் கண்டுபிடித்து வேறு கட்டத்தில் பதிய வேண்டியிருந்தது. 'உ' எனக்குச் சுலபமாகப் பட்டது. உசாத்துணை, இரவல் கொடுக்காமல் உள்ளேயே வைத்துப் பார்ப்பவை. திருவிழா மலர்களுக்கு அது பொருந்தியது. 'உ' உசாத்துணை என்றால் 'க' கழித்தொதுக்கல், நூலகத்திலிருந்து விலக்க வேண்டியவை. 'க' போட்டவற்றில் பெரும்பாலானவை கறையான் தின்றவை, உப்புக் காற்றில் தாள் பொரிந்தவை, அட்டை இல்லாதவை. அதுவும் பொருந்தியது.

பொருந்தாதது ஒன்றுதான். ஒரு பாடசாலை மலரில் 'ங' இருந்தது. அங்கே பதினெட்டு வருடமாக வேலை செய்யும் நூலக உதவியாளர் அதைத் தூக்கிக் காட்டினார்.

“தங்கச்சி, உங்கட படிப்பில ங-வில தொடங்கிற சொல் ஏதும் கிடக்கோ?”

“இல்லை அண்ணை. கை தவறி எழுதியிருப்பார்.”

“அந்த மனுசனோ? தேத்தண்ணிக் கோப்பைக்கும் நம்பர் போட்டவர். அவருக்குக் கை தவறுறதோ.”

நான் சிரித்தேன். 'ங' மலரை 'உ' பட்டியலில் சேர்த்தேன்.

விலக்கும் பட்டியலை நானே தயாரித்தேன். தொடர் எண், தலைப்பு, பக்கங்கள், நிலை, காரணம் என்று ஐந்து நிரல்கள், அறுபத்திரண்டு பதிவுகள். காரணம் என்ற நிரலில் 'முன்னைய நூலகரால் கழிவுக் குறியிடப்பட்டது, பழுது' என்று எழுதினேன். மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்த்துக் கையெழுத்திட்டது. பழைய கடதாசி வாங்கும் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. துப்புரவான அலுமாரியைப் படம் எடுத்து மாத அறிக்கையில் இணைத்தேன்.

சில மாதங்களின் பின் விடத்தல்தீவிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கருவாடு காயப்போடும் வேலை. ஒரு சொப்பிங் பைக்குள் கடதாசிகள் கோத்த கோவை ஒன்றை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, மாஸ்டரின்ர கொப்பி பாக்க வந்தனான்.”

கதிரையில் இருத்தி விபரம் கேட்டேன். சண்டைக் காலத்தில், அவர்கள் இருந்த முகாமிலிருந்து அவருடைய தம்பியையும் வேறு பொடியன்களையும் ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முகாமில் இருந்த ஓர் ஆசிரியர் ஒரு கொப்பியை நீட்டி, ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தன் பெயரையும் ஊரையும் தன் கையாலேயே எழுதச் சொன்னார். ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆசிரியர் சாகுமுன் அந்தக் கொப்பியை எங்கள் நூலகத்தில் கொடுத்திருக்கிறார். இப்போது அந்தப் பெண்ணுக்கு, காணாமற்போனவர்களைப் பற்றிய ஒரு விசாரணைக்கு அழைப்பு வந்திருந்தது.

“பஸ்ஸில ஏறினதுக்கு என்ன சாட்சி எண்டு கேக்கினம். நான் கண்டது மட்டும் காணாதாம். அவன்ர எழுத்து அதில கிடக்கு. வேற ஒரு துண்டுக் கடதாசியும் எங்களிட்ட இல்லை.”

“கொப்பியில ஏதும் அடையாளம் இருந்ததோ அக்கா?”

“முந்தி இருந்த ஐயா சொன்னவர், இது ஒண்டுதான் கிடக்கு, துலைஞ்சா வேற இல்லை, அதால முதுகில ஒண்டு போட்டு வைச்சிருக்கிறன் எண்டு.”

“ஒண்டு எண்டால்?”

“ஒண்டு எண்டால் ஒண்டுதான், பிள்ளை.”

உதவியாளர் எழுந்து அலுமாரியடிக்குப் போனார். 'உ' போட்ட மலர்களை எடுத்து மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. 'ங' போட்ட பாடசாலை மலர் மூன்று பிரதி. இரண்டிரண்டாக இருந்தவற்றை நானேதான் தனித்தனியாகப் பதிந்திருந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை.

பழைய தமிழ் இலக்கங்கள். க ஒன்று, உ இரண்டு, ங மூன்று. பாடசாலையில் ஒரு பரீட்சைக்காகப் பாடமாக்கியவைதான். நூற்சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு முன்னைய நூலகர் எஞ்சியதை எண்ணி, பிரதிகள் என்ற நிரலில் அந்த எழுத்துகளை வரிசையாக எழுதியிருந்தார். கொப்பிக்குரிய வரி இப்படி இருந்தது: 'கையெழுத்துக் கொப்பி. பஸ்ஸில் போனவர்களின் பெயர்கள், அவரவர் கையால். பக்கம் 38. க.' அதன் எதிரே, தொடர் எண்ணை மட்டும் பார்த்து நான் சிவப்பு மையில் இட்ட கையெழுத்தும் 'நீக்கப்பட்டது' என்ற சொல்லும்.

நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் அழவில்லை. கோவையை மேசையில் வைத்தார்.

“நீங்கள் அதைப் பாத்தனீங்களோ?”

“பக்கம் எண்ணினனான். வாசிக்கேல்ல.”

கடதாசி வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். “அது அரைச்சு எத்தினை மாதம்” என்றார்.

கொப்பி இருந்தது என்று ஒரு கடிதமாவது தரும்படி அந்தப் பெண் கேட்டார். எனக்கு மேலே உள்ள அதிகாரி, “ஈரத்தில பழுதாப்போச்சு எண்டு எழுதி விடுங்கோ. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது” என்றார். நான் குறியை எப்படி வாசித்தேன், அதன் பொருள் என்ன, யார் பட்டியலிட்டது என்று மூன்று பந்திகளில் எழுதி, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன். அதற்காக என்னிடம் விளக்கம் கோரப்பட்டது. அதற்கும் அதையே எழுதினேன்.

கணினியில் பதிவைத் திரும்பச் சேர்த்தேன். பிரதிகள் என்ற கட்டத்தில் பூச்சியம் இட்டேன். பதிவேட்டிலும் முன்னைய நூலகரின் முறையிலேயே திருத்த நினைத்து, பேனையை எடுத்த பிறகுதான் பூச்சியத்துக்கு எழுத்துத் தேடினேன். நான் பாடமாக்கிய வரிசையில் அப்படி ஒன்று இருக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

விசாரணை முடிந்து அந்தப் பெண் ஒருமுறை வந்தார். கடிதம் கோவைக்குள் மடியாமல் இருந்தது.

“கொப்பி இருந்ததுக்கு இது சாட்சியாம். அவன் இருந்ததுக்கு இல்லையாம்.”

அவர் போக எழுந்து, பிறகு திரும்பக் கதிரையில் இருந்தார்.

“பிள்ளை, முப்பத்தெட்டுப் பக்கமும் எண்ணித் தட்டியிருக்கிறீங்கள். ஒரு எழுத்தாவது கண்ணில பட்டிருக்கும். யோசிச்சுப் பாருங்கோ.”

யோசித்தேன். அறுபத்திரண்டு பதிவுகளில் கொப்பிகள் ஏழு. நீல மை. ஒரு பக்கத்தில் யாரோ தன் பெயரை எழுதி, வெட்டி, கீழே திரும்ப எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

அவருடைய முகம் மாறியது.

“அவன்தான். சின்னனிலயிருந்து வெட்டி வெட்டித்தான் எழுதுவான். மாஸ்டரிட்ட அதுக்கு அடியும் வாங்கினவன்.”

அதைக் கடிதத்தில் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். என்னால் முடியாது என்றேன். பரவாயில்லை, தனக்குத் தெரிந்தால் போதும் என்றார். கோவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றரை பஸ்ஸுக்குப் போனார்.

வெட்டி எழுதிய அந்தப் பக்கம் அவர் தேடி வந்த கொப்பியில் இருந்ததா, மற்ற ஆறில் ஒன்றில் இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.