அம்மா சாப்பிட்டதாக நினைக்காத கோதுமை

1. அம்மாவுக்கு சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் கொஞ்சம் போனாலும் குடல் புண்ணாகும் என்றார் டாக்டர்.
2. வீட்டில் கோதுமை, ரவை, மைதா எல்லாவற்றையும் நிறுத்தினோம். மாவு கலந்த பெருங்காயத்தைக்கூட மாற்றினேன்.
3. சிறுநீரில் நனைக்கும் பயோசென்சார் பட்டை வாங்கினேன். குளூட்டன் உள்ளே போயிருந்தால் அதில் கோடு விழும்.
4. கோடு விழுந்துகொண்டே இருந்தது.

எண்ணூர் ஆலை ஒன்றில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். அதனால் பட்டையை நம்பினேன், அம்மாவை நம்பவில்லை.

"கடையில பன்னு துன்னியாம்மா?"

"நான் இன்னா திருடியா? உன் பட்டைதான் பேஜாரு புடிச்சது" என்று அழுதார்.

அந்த ஞாயிறு ராயபுரம் சர்ச் பூசையில், நற்கருணை அப்பம் வாங்க எனக்கு முன்னால் நின்ற அம்மா கையை நீட்டினார். அப்போதுதான் உறைத்தது. அந்த அப்பம் கோதுமை மாவு. அம்மா தினமும் பூசைக்குப் போகிறவர். அதைச் சாப்பாடு என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அது ஆண்டவரு உடம்புடி. அது எனக்கு நோவு குடுக்குமா?"

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அப்பத்துக்குப் பதில் திராட்சை இரசம் மட்டும் தருகிறேன் என்றார்.

"ஊரே பாக்க நான் மட்டும் தனியா நிக்கணுமா?" என்று அம்மா மறுத்துவிட்டார்.

இப்போது நான் அம்மாவின் தட்டைச் சோதிப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை. பட்டையை மட்டும் பார்க்கிறேன். அம்மா இன்னும் அப்பம் வாங்குகிறார். கோடு இன்னும் விழுகிறது.