பழைய நேரம், புது நேரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே தையல் மெஷின்கள் ஓடும்போது என் மேசையும் சேர்ந்து அதிரும். ஜன்னலைத் திறந்தால் பஞ்சுத்தூசி வரும் என்பதால் அதை ஆணி அடித்தே மூடியிருந்தார்கள்.

ஏற்றுமதியில் சம்பாதித்த முதலாளி, திருமணப் பொருத்தம் பார்க்கும் ஆப் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பிறந்த ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் ஜாதகம் கணித்துத் தரும். எந்த நாட்டில் எப்போது கடிகாரத்தை மாற்றினார்கள் என்ற விவரம் தப்பினால் ஜாதகமும் தப்பிவிடும். பழைய அரசாணைகளோடும் செய்தித்தாள்களோடும் ஒப்பிட்டு அதைச் சரிபார்ப்பது என் வேலை.

ஒருமுறை கனடாவிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. இலங்கையின் வடக்கே பிறந்தவர்களுக்கு லக்னம் மாறி வருகிறதாம். முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"இது உங்க ஊர் சமாச்சாரம் அம்மிணி. நீயே பாத்துச் சொல்லிப்போடு."

எங்கள் ஊர். விவரம் தெரியாத வயதில் படகில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவள் நான். அதன்பின் நான் அறிந்த ஊரெல்லாம் அகதி முகாமும் அங்கிருந்து திருப்பூருக்கு வரும் டவுன் பஸ்ஸும்தான்.

இலங்கை அரசுப் பக்கத்து விவரத்தில் குழப்பமில்லை. தொண்ணூற்றாறில் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சில மாதங்களில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். இரண்டாயிரத்தாறில் மீண்டும் பழையபடி ஆனது. எங்கள் பட்டியலிலும் அப்படியே இருந்தது. பிறகு ஏன் புகார்?

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

"இயக்கம் வச்சிருந்த எங்கட பக்கம் மாத்தேல்லை, பிள்ளை. ஆமி நிண்ட பக்கம் புது நேரம். நாங்கள் பழைய நேரம். அங்கால போறதெண்டால் அரை மணித்தியாலம் கூட்டிப் பாக்கவேணும்."

"அப்ப நான் பிறந்தது எந்த நேரத்தில?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். பெயிண்ட் வேலைக்குப் போய்வந்த அப்பா, வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்மாக்குப் பிள்ளைப்பெறு நோ வந்திட்டுது. பெரியாஸ்பத்திரி ஆமிப் பக்கம். வேன் பிடிச்சுக் கொண்டு போனன். அஞ்சு மணிக்குப் பாதை பூட்டுவாங்கள். என்ர மணிக்கூட்டில அஞ்சடிக்க இன்னும் இருவது நிமிசம் கிடந்தது. அவங்கட மணிக்கூட்டில அஞ்சு தாண்டீட்டுது."

"உங்களுக்குத் தெரியாதா அப்பா?"

"தெரியும். அந்தப் பதட்டத்தில கூட்டிப் பாக்க மறந்துபோனன்."

திரும்பிப் போகலாமென்றால், பின்னால் இருந்த எங்கள் பக்கத்துச் சோதனைச் சாவடியும் கடைசி வண்டி என்று எங்களை விட்டுவிட்டுத் தடுப்பை இறக்கிவிட்டதாம். நடுவில் ஒரு துண்டுத் தார்ச்சாலை. இரண்டு ஓரமும் கண்ணிவெடி. கீழே கால் வைக்க முடியாது. அந்த வேனுக்குள்ளேயே நான் பிறந்தேன். அதன் பிறகுதான் ஒரு சிப்பாய் நடந்து வந்து எட்டிப் பார்த்து, பாதையைத் திறக்கச் சொன்னானாம்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"கொம்மா கத்திறா. நான் மணிக்கூட்டையோ பாத்தன்?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில அவையள் நேரம் கேட்டினம். வாயில வந்ததைச் சொன்னன்."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பத்தடி அறையில் எனக்கு எழுந்து போய் நிற்க வேறு இடம் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரோடு பேசும்போது என் பேச்சு தானாகவே திருப்பூர்ப் பேச்சாகிவிடும்.

"அங்க அப்ப ரெண்டு நேரம் இருந்துச்சுங்க சார். எந்தப் பக்கம் பிறந்தீங்கன்னு ஆப்லயே கேட்டுரலாங்க."

"அப்படிக் கேட்டா ஆளுக பயந்துக்குவாங்க அம்மிணி. மாவட்டம் பாத்துப் பிரிக்க முடியாதா?"

"முடியாதுங்க. ஒரே மாவட்டத்துல ரெண்டு பக்கமும் இருந்துச்சு. அதுவும் வருசத்துக்கு வருசம் மாறுச்சு."

"அப்ப கவர்மெண்ட் நேரமே இருக்கட்டும். நாளைக்கு முடிச்சுப்போடு."

"நாளைக்கு லீவு வேணுங்க. முகாம்ல செக்கிங்."

அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடும் நாள் அது. அன்று நாங்கள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும்.

"இன்னுமா அதெல்லாம் இருக்குது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

மறுநாள் வெயிலில், வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இலங்கை விவரத்தைச் சரிபார்த்தாயிற்றா என்று கேட்டார்கள். வரிசையை விட்டு நகர முடியவில்லை. இன்னொரு தடவை யோசிக்கிறேன் என்று சொல்லவும் முடியவில்லை. "சரியா இருக்குங்க" என்றேன். சொல்லிவிட்டு அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புகார்கள் நிற்கவில்லை. இப்போது அவற்றுக்கு நானே பதில் எழுதுகிறேன். எந்தப் பக்கம் பிறந்தீர்கள், வீட்டில் எந்த நேரம் வைத்திருந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்பேன். சிலர் கேட்டுச் சொல்வார்கள். கேட்க அம்மா இல்லை என்று சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு இரண்டு நேரத்துக்கும் ஜாதகம் கணித்து அனுப்பிவிடுகிறேன். முதலாளிக்கு இது தெரியும். இதுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை.