அப்பா தலையில் ஓடிய பால்

போன சனிக்கிழமை காலை. கிணற்றடியிலிருந்து அப்பாவின் குரல்.

"டேய்… எண்ணெ பாலா போவுதுடா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு சொம்பு தண்ணீருக்கே அவர் தலையிலிருந்து வெள்ளை வெளேரென்று வழிகிறது. சீயக்காயைத் தொடவே இல்லை. பக்கத்தில் அக்காவின் பாட்டில் – முக்கால்வாசி காலி!

அக்கா வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டிலேயே வெட்டிவேர் ஸ்ப்ரே தயாரிக்கிறாள். அரியலூர் கல்யாண வீடு ஒன்றிலிருந்து முதல் பெரிய ஆர்டர். சாம்பிளில் எண்ணெய் தனியாக மிதந்தது. "ரசம் மாதிரில்ல மெதக்குது? சனிக்கிழமை மதியம் வரேன், சரியா இருந்தா எடுத்துக்கிறேன்" என்றுவிட்டார் பெண்ணின் அம்மா. அதைச் சரிசெய்யத் திருச்சியில் நான் வாங்கி வந்த, எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் எமல்சிஃபையர்தான் அந்த பாட்டிலில் இருந்தது.

வீட்டில் முதலில் காலேஜ் போனவன், அதுவும் கெமிஸ்ட்ரி… சும்மா இருப்பேனா? "ஆமணக்கெண்ணெயில செஞ்சதுப்பா" என்று முந்தின நாளே பெருமையடித்திருந்தேன்.

"என் ஆர்டரையே தலையில தேச்சிட்டீங்களேப்பா!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆமணக்குன்னா தலைக்குத்தானம்மா?"

நியாயம்தானே? பருத்திக் காட்டு ஓரத்தில் புழுவை இழுக்க நடுகிற செடி. அதன் எண்ணெயை ஃபேக்டரியில் கொஞ்சம் மாற்றினால், ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. முகத்துக்குப் பூசும் க்ரீமில் அது. பருத்திக்கு அடிக்கும் மருந்தில் அது. லேத் பட்டறையில் இரும்பு சூடாகாமல் இருக்க ஊற்றும் வெள்ளைத் தண்ணீரில்கூட அதன் சொந்தக்காரர்கள்! எத்தனை இடத்தில் வேலை… எங்காவது தலைகாட்டுகிறதா?

திருச்சி போய்வர நேரமில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாசன எண்ணெய கொறச்சா, இதுவும் கொஞ்சம் போதும்லடா?"

மீதியிருந்ததில் வெட்டிவேர் எண்ணெயை முதலில் குழைத்தோம். பிறகு தண்ணீர், சொட்டுச் சொட்டாக. குலுக்கிப் பார்த்தோம்… மிதக்கவில்லை. கலங்கவில்லை. கண்ணாடி!

மதியம் பெண்ணின் அம்மா வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் அடித்து முகர்ந்தார்.

"போன தடவ வாசம் மண்டையில ஏறுச்சு. இது அளவா இருக்கும்மா. எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்."

அவர் கார் தெரு திரும்பியதும் அப்பா மெல்ல வாய் திறந்தார்: "நான் தேச்சதாலதானே அளவா வந்துச்சு?"