லோரித் தராசில் ஏறிய பதினாறு பேர்

செம்பனைத் தோட்டத்தில் பழ லோரிகளை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி நான். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுக்கு நடுவரும் நானே. காரணம், விசில் என்னிடம்தான் இருந்தது.

போன வருடம் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்கு, மேல் லயத்து வீட்டு வரிசை அணியில் ஒரு புது ஆள். அந்த லயத்திலேயே வளர்ந்து, டவுனில் பார்லர் வைத்திருக்கும் திருநங்கை.

"அண்ணே, வருஷா வருஷம் ஐஸ் தண்ணி ஊத்திக் குடுத்தே அலுத்துப்போச்சு. ஆம்பளைங்க லைன்ல நிக்கச் சொன்னா வீட்டுக்குப் போயிடுவேன். பொம்பளைங்க லைன்ல ஒரே ஒரு தடவ கயித்தப் பிடிக்கணும்."

"அதுக்கென்ன லா," என்று பெரிய மனுஷன்போல் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் கீழ் லயத்து அணித் தலைவி காத்திருந்தாள். என் மனைவி.

"என்னங்க, அவ நல்லவதான். அந்தத் தோளப் பாத்தீங்களா? எங்க பிள்ளைங்க கை கழண்டு வந்தா நீங்களா ஒட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. கைப்பேசியைத் திறந்தேன். உலகம் முழுக்க இதே சண்டை: எலும்பு, ஹார்மோன், உரிமை, கோர்ட்டு. இரண்டு பக்கமும் படித்தேன், இரண்டும் சரியாகவே பட்டன.

எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் தராசு. அணிகளின் மொத்த எடை சமமாக வேண்டும் என்று அறிவித்தேன். ஒவ்வொருத்தியும் தனியாக ஏற மாட்டேன் என்றாள். "எங்க எடைய ஊருக்கே படிப்பீங்களா?" ஆகவே எட்டெட்டுப் பேராக லோரித் தராசில் ஏற்றினேன். மேல் லயம் ஐநூற்று இருபது கிலோ. கீழ் லயம் அறுநூறு.

அதை மைக்கில் வாசித்தது என் வாழ்க்கையின் பெருந்தவறு.

"எடை வேற, பலம் வேற!" மனைவி கத்தினாள். என் சட்டப்படி அவள் அணியில்தான் ஆள் குறைக்க வேண்டும். மைக்கை அணைத்துவிட்டேன்.

அந்தப் பார்லர்த் தங்கச்சியே முன்னால் வந்தாள். "அக்கா, யாரையும் குறைக்க வேணாம். கடைசியில பலசாலி இடுப்புல கயிறு சுத்துற இடமும் எனக்கு வேணாம். முதல் ஆளா, உங்க மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன். வலிச்சா சொல்லுங்க, மெதுவா இழுக்கிறேன்."

"மெதுவாவா? என்னைய கெழவின்னு நெனச்சியா? ஒழுங்கா இழுடி!"

அனுமதி கிடைத்துவிட்டது. நான் கொடுத்ததுபோல் விசில் ஊதினேன்.

முதல் இழுப்பு கீழ் லயத்துக்கு, இரண்டாவது மேல் லயத்துக்கு. மூன்றாவது முடிகிற வழியாக இல்லை. கடைசியில் ஈர மண் வழுக்கி, அவள் என் மனைவியின் காலடியிலேயே வந்து விழுந்தாள். கீழ் லயம் ஜெயித்தது.

விழுந்தவள் சேறும் சிரிப்புமாய் எழுந்து குதித்தாள். "அண்ணே, பொம்பளைங்க லைன்ல நின்னு தோத்துட்டேன் லா!"

மனைவி சிவந்த உள்ளங்கைகளை என் முன் நீட்டினாள். "பாருங்க. இப்படி ஒரு இழுப்பு இழுத்து எத்தன வருஷமாச்சு! பெரிய போட்டிக்கெல்லாம் என்ன சட்டமோ, எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் இவ எங்க பக்கம்."

அதற்குள் மேல் லயத்துப் பெண்கள், இரண்டாம் பரிசு பிளாஸ்டிக் வாளியோடு சேர்த்து அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எங்க ஆளு! குடுக்க மாட்டோம்!"

ஒழுங்கு வேண்டி விசில் ஊதினேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.